மூன்று புள்ளி வீச்சும் தடுப்புக் கலையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்

முன்னுரை

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அனைவரும் கூடை போட்டவரைப் பற்றியே பேசுகிறோம். கூடை விழாமல் பார்த்துக்கொண்டவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அதிலும் தொலைவிலிருந்து எறியப்படும் மூன்று புள்ளி வீச்சு என்று வந்துவிட்டால், "விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் துரதிர்ஷ்டம், இதில் தடுப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்போரே மிகுதி. விடுதியிலும் மைதானத்திலும் இக்கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நம் கல்லூரி மகளிர் அணியில் ஆடுபவள் என்ற முறையிலும், புள்ளியியல் பயில்பவள் என்ற முறையிலும் இதற்கு விடை தேட முற்பட்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமாகிய என்.பி.ஏ.வின் பிளேஆஃப் ஆட்டங்களை இதற்குக் களமாக எடுத்துக்கொள்கிறேன். உலகின் தலைசிறந்த வீசுபவர்களும் தலைசிறந்த தடுப்பவர்களும் நேருக்கு நேர் மோதும் இடம் அதுவே. நம் நாட்டில் அதிகாலை வேளையில் கைப்பேசியில் அவற்றைக் காண முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

நான் சொல்ல வருவது இதுதான். மூன்று புள்ளி வீச்சைத் தடுப்பது என்பது, எறிந்த பந்து விழாமல் தடுப்பது அன்று. யார் எறிவது, எங்கிருந்து எறிவது, எத்தனை முறை எறிவது என்ற மூன்றையும் தீர்மானிப்பதே தடுப்பு. அதற்குப் பிறகு பந்து விழுவதும் விழாததும் பெரும்பாலும் தடுப்பவர் கையில் இல்லை. ஆகவே ஒருவருடைய தடுப்பாட்டத்தைப் புள்ளிப் பலகையை மட்டும் பார்த்து எடைபோடுதல் நேர்மையாகாது.

கோடு பிறந்த கதை

மூன்று புள்ளிக் கோடு கூடைப்பந்தோடு பிறந்ததன்று. 1961-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சிறிய தொழில்முறைக் கழகம் இதனை முதலில் கையாண்டது. 1967-இல் தோன்றிய ஏ.பி.ஏ. என்னும் கழகம் இதனை மக்களிடையே பரப்பியது. என்.பி.ஏ. இதனை ஏற்றுக்கொண்டது 1979–80 பருவத்தில்தான். 1979 அக்டோபர் 12 அன்று பாஸ்டன் அணியின் கிறிஸ் ஃபோர்டு எறிந்ததே அக்கழகத்தின் முதல் மூன்று புள்ளிக் கூடையாகக் குறிக்கப்படுகிறது. உலகக் கூட்டமைப்பாகிய ஃபிபா 1984-இல் இவ்விதியை ஏற்றது.

தொடக்கத்தில் இதனை ஒரு வேடிக்கையாகவே கருதினர். முதல் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 2.8 முறைதான் இவ்வீச்சை முயன்றது. 2024–25 பருவத்திலோ அச்சராசரி 37-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் ஆட்டமே வேறாகிவிட்டது எனின் மிகையன்று.

கோட்டின் அளவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். என்.பி.ஏ. மைதானத்தில் வளையத்தின் நடுவிலிருந்து வளைகோடு 23 அடி 9 அங்குலம், அதாவது 7.24 மீட்டர் தொலைவில் உள்ளது. நாம் ஆடும் ஃபிபா அளவில் அது 6.75 மீட்டர். ஆனால் என்.பி.ஏ. மைதானத்தின் அகலம் 50 அடியே. வளைகோட்டை அதே தொலைவில் பக்கவாட்டிலும் கொண்டுசென்றால், மூலையில் ஒருவர் நிற்கவே இடமிராது. எனவே இரு மூலைகளிலும் கோட்டை நேர்க்கோடாக்கி 22 அடிக்குக் குறைத்துள்ளனர். கோட்டுக்கும் மைதான ஓரத்துக்கும் இடையே எஞ்சுவது 3 அடி. இந்த மூன்றடிச் சந்துதான் தடுப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் இடம். தொலைவு குறைவு, புள்ளியோ அதே மூன்று.

ஒரு சிறு கணக்கு

தடுப்பவரின் சிக்கலை விளங்கிக்கொள்ள எளிய பெருக்கல் போதும். என்.பி.ஏ.வில் மூன்று புள்ளி வீச்சு நூற்றுக்கு ஏறத்தாழ 36 முறை விழுகிறது. 0.36-ஐ மூன்றால் பெருக்கினால் 1.08. அதாவது ஒரு வீச்சின் எதிர்பார்ப்பு மதிப்பு 1.08 புள்ளி. இதே மதிப்பை இரண்டு புள்ளி வீச்சில் பெற வேண்டுமானால் நூற்றுக்கு 54 முறை போட்டாக வேண்டும்.

வளையத்துக்கு மிக அருகே சென்று போடும் பந்து நூற்றுக்கு 60-க்கு மேல் விழுகிறது. அதன் மதிப்பு 1.2-ஐத் தாண்டும். கோட்டுக்கு உள்ளே, வளையத்துக்கும் கோட்டுக்கும் நடுவிலிருந்து எறிவதோ நூற்றுக்கு 40-ஐச் சற்றே தாண்டுவதால், மதிப்பு 0.8 அல்லது 0.9 அளவிலேயே நிற்கிறது.

இதிலிருந்து தடுப்பவரின் விருப்பம் தெளிவாகிறது. எதிரி நடுத்தொலைவில் நின்று எறிய வேண்டும். வளையத்தடியிலும் கோட்டுக்கு வெளியிலும் எறியக் கூடாது. ஆனால் இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பது கடினம். வளையத்தைக் காக்க ஐவரும் உள்ளே நெருங்கினால் வெளியே ஆள் தனித்து நிற்பார். வெளியே ஓடினால் உள்ளே கதவு திறந்துவிடும். மனிதர் ஓட்டத்தைவிடப் பந்தின் ஓட்டம் வேகமானது. ஒருவர் வளையத்தை நோக்கிப் பாய்ந்து, உதவிக்கு வந்த தடுப்பவரைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டு, மூலையில் நிற்பவருக்குப் பந்தை எறிவதே இன்றைய ஆட்டத்தின் அடிப்படைத் தந்திரம்.

பந்து செல்லும் பாதை

இயற்பியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க; எறிபொருள் இயக்கத்தின் சமன்பாட்டை நானும் சற்றே கையாள்கிறேன். காற்றின் தடையை விட்டுவிடுவோம். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். பந்து 2.15 மீட்டர் உயரத்தில், வளையத்திலிருந்து 7 மீட்டர் தொலைவில் கையை விட்டுப் புறப்படுவதாகக் கொள்வோம்.

50 பாகைக் கோணத்தில் எறிந்தால் பந்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 8.8 மீட்டர் வேகம் தேவை. அது வளையத்தை அடைய ஒன்றேகால் விநாடி ஆகிறது. இறங்கும் கோணம் சுமார் 43 பாகை. வளையத்தின் குறுக்களவு 18 அங்குலம். ஆனால் சாய்ந்து வரும் பந்துக்கு அந்த வட்டம் நீள்வட்டமாகவே தெரியும். 43 பாகையில் அதன் குறுகிய அளவு 12.3 அங்குலம். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 9.4 அங்குலம். ஆக, எஞ்சும் இடைவெளி மூன்று அங்குலத்துக்கும் குறைவு.

இனி, 40 பாகையில் தட்டையாக எறிவதாகக் கொள்வோம். இறங்கும் கோணம் 30 பாகையாகிவிடுகிறது. அப்போது வளையத்தின் திறப்பு 9 அங்குலமே. பந்து அதைவிடப் பெரிது! வளையத்தில் படாமல் அது உள்ளே நுழையவே முடியாது.

தடுப்பவரின் உயர்த்திய கை என்ன செய்கிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அந்தக் கை பந்தைத் தொட வேண்டியதில்லை. வீசுபவரை ஒரு கணம் அவசரப்படுத்தி, பழகிய கோணத்திலிருந்து சில பாகைகள் பிறழச் செய்தாலே போதும். ஆயினும் பல ஆண்டுகள் பழகிய கைகள் எளிதில் பிறழ்வதில்லை. எனவே கையை உயர்த்துவது இரண்டாவது வேலை. அவரை எறியவிடாமலே செய்வதுதான் முதல் வேலை. கோட்டுக்கு வெளியே நிற்பவரை நெருங்கி, பந்தைத் தரையில் தட்டி உள்ளே வரச் செய்துவிட்டால், 1.08 புள்ளி மதிப்புள்ள வீச்சு 0.8 ஆகிவிடுகிறது. அந்த முயற்சி புள்ளிப் பலகையில் எங்கும் பதிவாவதில்லை.

பிளேஆஃபில் மட்டும் என்ன வேறுபாடு?

என்.பி.ஏ. பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். எதிரணியைப் பற்றி ஆராய நேரமில்லை. பிளேஆஃப் அப்படியன்று. 16 அணிகள் அதில் நுழைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அதே எதிரியோடு ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும். முதலில் நான்கை வெல்பவரே அடுத்த சுற்றுக்குச் செல்வர். எதிரணியில் யார் எந்த மூலையில் நிற்பார், யார் இடப்பக்கம் தட்டிச் செல்வார், யார் எறியத் தயங்குவார் என்பதெல்லாம் இரண்டாவது ஆட்டத்துக்குள் மனப்பாடமாகிவிடும். ஆகவே இங்குத் தடுப்பு என்பது ஓட்டத்தோடு சேர்ந்த பாடமும் ஆகிவிடுகிறது. சில உண்மை நிகழ்ச்சிகளைக் காண்போம்.

முதற்பாடம்: யாரை விடுவது?

2015-ஆம் ஆண்டு மேற்குப் பிரிவின் இரண்டாம் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணியும் மெம்பிஸ் அணியும் மோதின. மெம்பிஸ் 2–1 என முன்னிலையில் இருந்தது. அவ்வணியின் டோனி ஆலன் தடுப்பாட்டத்தில் தேர்ந்தவர். ஆனால் தொலைவிலிருந்து எறிவதில் வல்லவர் அல்லர். நான்காம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் அணி, தன் உயரமான நடு ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட்டை ஆலனுக்குத் தடுப்பவராக நியமித்தது. நியமித்தது என்பது பெயருக்குத்தான். போகட் வளையத்தின் அருகிலேயே நின்றுகொண்டார். ஆலன் வெளியே தனியாக நின்றார். யாரும் அவரை நெருங்கவில்லை.

பார்ப்பதற்கு இது கடமை தவறியது போலத் தோன்றும். உண்மையில் இது ஓர் அறிவான கணக்கு. ஐவரையும் சமமாகக் காக்க முடியாது என்றால், யாருடைய வீச்சின் மதிப்பு மிகக் குறைவோ அவரை விட்டுவிட்டு, அங்கே மிச்சமாகும் ஓர் ஆளை வளையத்தடியில் நிறுத்துவது. ஆலன் ஆடுகளத்தில் நிற்பதே அவர் அணிக்குச் சுமையாயிற்று. கோல்டன் ஸ்டேட் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்று சுற்றைக் கைப்பற்றியது. அவ்வாண்டின் கோப்பையையும் வென்றது.

இரண்டாம் பாடம்: ஆள் மாற்றம்

பந்துடன் வருபவருக்காக அவர் தோழர் ஒருவர் தடுப்பவரின் வழியில் அசையாமல் நிற்பதை நாம் 'ஸ்கிரீன்' என்கிறோம். தடுப்பவர் அதில் மோதித் தடுமாறும் அரை விநாடியில் பந்து பறந்துவிடும். இதற்கு மாற்று, தடுப்பவர் இருவரும் தம் ஆட்களை அக்கணமே மாற்றிக்கொள்வது, இதுவே 'ஸ்விட்ச்'. இதனால் வீசுபவருக்கு இடைவெளி கிடைக்காது. ஆனால் இதற்கு விலையுண்டு. உயரமான, நிதானமான ஆட்டக்காரர் ஒருவர், மின்னலென ஓடும் சிறிய ஆட்டக்காரரைத் தனியே சமாளிக்க நேரும்.

2016 ஜூன் 19 அன்று நடந்த இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். கிளீவ்லாந்தும் கோல்டன் ஸ்டேட்டும் 89–89 எனச் சமநிலையில் இருந்தன. 53 விநாடிகள் எஞ்சியிருந்தபோது கிளீவ்லாந்தின் கைரி இர்விங் மூன்று புள்ளிக் கூடை ஒன்றைப் போட்டார். பதிலுக்கு வந்த தாக்குதலில் ஆள் மாற்றத்தின் காரணமாக, உலகின் தலைசிறந்த தொலைவீச்சாளர் ஸ்டீஃபன் கரியின் எதிரே கெவின் லவ் நிற்க நேர்ந்தது. லவ் தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர் அல்லர். கரி இப்படியும் அப்படியுமாக ஆட்டிப் பார்த்தார். லவ் பாயவில்லை, ஏமாறவில்லை. கால்களை நகர்த்திக்கொண்டே எதிரில் நின்றார். இறுதியில் கரி எறிந்த பந்து விழவில்லை. கிளீவ்லாந்து 93–89 என வென்றது.

அந்தப் பந்து விழுந்திருந்தாலும் லவ் செய்த வேலை குறைந்துபோயிருக்காது என்பதே என் கருத்து. கரியின் முன் ஒரு கையும், அவர் காலடியில் ஒரு நெருக்கமும் இருந்தன. அதற்குமேல் ஒரு மனிதரால் செய்யக் கூடியது இல்லை.

மூன்றாம் பாடம்: சரியான முடிவு, தவறிய பலன்

2019 இறுதிச் சுற்றில் டொராண்டோ அணி கோல்டன் ஸ்டேட்டை எதிர்த்தது. இரண்டாம் ஆட்டத்தில் எதிரணியின் கெவின் டுரன்ட் காயத்தால் ஆடவில்லை. கிளே தாம்ப்சனும் இடையில் காயமுற்று வெளியேறினார். எஞ்சிய பெரிய வீச்சாளர் கரி ஒருவரே. டொராண்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ், பள்ளி ஆட்டங்களில் காணப்படும் ஒரு முறையைக் கையாண்டார். நால்வர் வளையத்தைச் சுற்றிச் சதுரமாக நிற்க, ஐந்தாமவராகிய ஃபிரெட் வான்வ்லீட் கரியை மட்டும் நிழல்போல் தொடர்ந்தார். ஐந்து நிமிடங்களுக்கும் மேலாகக் கோல்டன் ஸ்டேட் அணியால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

ஆனால் ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது, கரியை இருவர் சூழ்ந்துகொள்ள, பந்து கைமாறிக் கைமாறி ஆண்ட்ரே இகுவோடாலாவிடம் சென்றது. அவர் தனியே நின்றார், எறிந்தார், பந்து விழுந்தது. கோல்டன் ஸ்டேட் 109–104 என வென்றது.

அன்று டொராண்டோ செய்தது தவறா? கரியின் கையில் பந்து இருப்பதைவிட இகுவோடாலா எறிவதையே அவர்கள் விரும்பினர், அதுவே நடந்தது. பந்து விழுந்தது மட்டுமே அவர்கள் விரும்பாதது. அவர்கள் தங்கள் வழியை விட்டு ஓடிவிடவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் எதிரியின் மைதானத்திலேயே வென்று, 4–2 எனக் கோப்பையைக் கைப்பற்றினர்.

நான்காம் பாடம்: வீச்சோடு வேலை முடிவதில்லை

2013 ஜூன் 18 அன்று நடந்த இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில், சான் அன்டோனியோ அணி 95–92 என முன்னிலையில் இருந்தது. அந்த ஓர் ஆட்டத்தை வென்றால் கோப்பை அவர்களுடையது. மயாமி அணியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த மூன்று புள்ளி வீச்சு விழவில்லை. தடுப்பு வென்றது என்று எண்ணிய கணத்தில், திரும்பி வந்த பந்தைக் கிறிஸ் பாஷ் எட்டிப் பிடித்தார். அவ்வேளையில் சான் அன்டோனியோவின் உயரமான வீரர் டிம் டங்கன் களத்தில் இல்லை. வெளியே ஓடி ஓடித் தடுப்பதற்கென்று அவரை அமரவைத்திருந்தனர். பாஷ் பந்தை ரே ஆலனுக்கு அனுப்பினார். ஆலன் பின்னோக்கி அடிவைத்து, நான் முன்பு சொன்ன மூன்றடிச் சந்தில் கால் பதித்து எறிந்தார். 5.2 விநாடிகள் எஞ்சியிருக்கையில் 95–95. கூடுதல் நேரத்தில் மயாமி 103–100 என வென்றது. ஏழாம் ஆட்டத்தையும் வென்றது.

மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, எதிரி எறிவதற்கு முன்பே 'ஃபவுல்' செய்து இரண்டு தண்ட வீச்சுகளை மட்டும் கொடுத்துவிடலாம் என்ற வாதம் அன்றும் எழுந்தது, இன்றும் தொடர்கிறது. அவ்வாதத்தில் எப்பக்கம் நின்றாலும் ஒன்று உறுதி. தொலைவிலிருந்து எறிந்த பந்து தொலைவாகவே எகிறும். அதைப் பிடித்து முடித்தால்தான் தடுப்பு முடிந்ததாகப் பொருள்.

விதியும் மனிதநேயமும்

தடுப்பவருக்கு எல்லா உரிமையும் இல்லை. 2001–02 பருவத்தில் என்.பி.ஏ. பகுதித் தடுப்பு முறையை அனுமதித்தது. ஆனால் வளையத்தடியில் ஆளின்றி மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாதென்றது. 2004–05 முதல், பந்துடன் வருபவரைக் கையால் பிடித்து நிறுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. 2017 மே மாதத்தில் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், சான் அன்டோனியோவின் கவாய் லெனர்ட் குதித்து எறிந்துவிட்டுத் தரையிறங்கியபோது, நெருங்கி வந்த தடுப்பவரின் பாதத்தின்மீது அவர் கால் விழுந்து கணுக்கால் பிசகியது. அப்போது அவர் அணி 23 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அவர் வெளியேறினார், அணி 113–111 எனத் தோற்றது. அச்சுற்றில் அவர் மீண்டும் ஆடவேயில்லை. அடுத்த பருவத்திலிருந்து, எறிபவர் தரையிறங்கும் இடத்தை மறித்துக் காலை வைப்பது கடுங்குற்றமாகத் தண்டிக்கப்படலாயிற்று.

வீசுபவரை நெருங்க வேண்டும். ஆனால் அவர் இறங்குவதற்கு இடம் விட வேண்டும். கடைசி இரண்டு எட்டுகளைச் சிறு சிறு அடிகளாக வைத்து நின்றுவிடுவதே இதற்கு வழி. ஒரு விளையாட்டு வீரருக்குக் கணுக்கால் என்பது வாழ்வு. அதை விலையாகக் கேட்கும் தடுப்பு, தடுப்பன்று.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு?

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். 36 விழுக்காடு திறமையுள்ள அணி 35 முறை எறிகிறது என்க. ஈருறுப்புப் பரவலின்படி சராசரியாக 12.6 கூடைகள் விழும்; திட்ட விலக்கம் 2.8. அதாவது தடுப்பில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஒரு நாள் 10 கூடையும் மற்றொரு நாள் 15 கூடையும் விழுதல் இயல்பே. வேறுபாடு 15 புள்ளிகள்! பல பிளேஆஃப் ஆட்டங்களின் வெற்றி தோல்வி இதைவிடச் சிறிய இடைவெளியில் முடிவாகிறது.

2018 மே 28 அன்று மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டத்தில், ஹூஸ்டன் அணி 44 முறை எறிந்து 7 மட்டுமே போட்டது. இடையில் தொடர்ந்து 27 வீச்சுகள் தவறின. முற்பாதியில் 11 புள்ளிகள் முன்னிலையில் இருந்தும் 101–92 எனத் தோற்றது. ஒவ்வொரு வீச்சும் மற்றதைச் சாராதது, ஒவ்வொன்றும் 36 விழுக்காடு என்று கொண்டால், 44 வீச்சுகளுக்குள் இப்படியொரு வரிசை நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 24,000-இல் ஒன்று. முழுக்க அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட இது மிகச் சிறிய எண். முக்கிய வீரர் கிறிஸ் பால் காயத்தால் ஆடவில்லை. எஞ்சியவர்களின் கால்கள் களைத்திருந்தன. எதிரே ஆள் மாற்றித் தடுப்பதில் தேர்ந்த அணி நின்றது. இவை யாவும் அந்த 36-ஐக் குறைத்திருக்கும். ஆயினும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுள் மிக வியப்பானதைப் பிறகு பொறுக்கியெடுத்துக் கணக்கிடுகிறோம் என்பதையும் மறக்கலாகாது.

2025 மே மாதத்தில் பாஸ்டன் அணி நியூயார்க் அணிக்கு எதிராக முதல் ஆட்டத்தில் 60-க்கு 15, இரண்டாம் ஆட்டத்தில் 40-க்கு 10 எனப் போட்டது. ஆக, 100-க்கு 25. வழக்கப்படி 36 விழுந்திருக்க வேண்டும். 11 கூடைகள், அதாவது 33 புள்ளிகள் குறைந்தன. இரண்டு ஆட்டங்களிலும் 20 புள்ளிகள் வரை முன்னிலை பெற்றிருந்தும், 108–105, 91–90 என, மொத்தம் நான்கே புள்ளிகளில் இரண்டையும் இழந்தது.

இதற்கு எதிர்மாறானதும் உண்டு. 2021 ஜூன் 1 அன்று போர்ட்லாந்தின் டேமியன் லில்லர்டு 17 மூன்று புள்ளி வீச்சுகளில் 12-ஐப் போட்டு 55 புள்ளிகள் குவித்தார். முகத்தெதிரே கை நின்றும் பந்து விழுந்தது. ஆனால் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 147–140 என வென்றது டென்வர் அணியே. ஒருவர் தீயெனப் பற்றி எரிந்த இரவிலும் மற்ற நால்வரைக் காத்து நின்றவர்களுக்கு வெற்றி கிட்டியது.

முடிவுரை

இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த ஒரு போட்டியில், எதிரணி வீராங்கனை ஒருவர் கோட்டுக்கு வெளியிலிருந்து நான்கு கூடைகள் போட்டார். நான்கு முறையும் எங்கள் தோழி ஒருத்தியின் கை அவர் முகத்தெதிரே இருந்தது. அடுத்த ஆட்டத்தில் அவள் வெளியே அமரவைக்கப்பட்டாள். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. புள்ளிப் பலகையில் 'விழுந்தது' என்பதற்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. 'எப்படி விழுந்தது' என்பதற்குக் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை யார் பார்க்க முடியும்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "எத்தனை மார்க்கு?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நான் இங்கே என்ன படிக்கிறேன் என்பதை அறிய அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் நமக்கு வழியிருக்கிறது. நாம் கண்ணால் பார்க்கிறோம், எழுதவும் தெரியும்.

ஆகவே நம் உடற்கல்வித் துறைக்கும் சக மாணவ மாணவியருக்கும் ஒரு வேண்டுகோள். இனி நம் கல்லூரி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமரட்டும். எதிரணி எறியும் ஒவ்வொரு தொலைவீச்சுக்கும் நான்கே குறிப்புகள்: யார் எறிந்தார், எங்கிருந்து எறிந்தார், எதிரே கை இருந்ததா, எகிறிய பந்தை யார் பிடித்தார். விழுந்ததா என்பதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். ஒரு பருவம் இவ்வாறு எழுதினால், யார் நன்றாகத் தடுக்கிறார் என்பது ஒருவர் அபிப்பிராயமாக இராது, கணக்காக இருக்கும். அந்த நோட்டை எழுதும் பணியை இவ்வாண்டு நானே ஏற்கச் சித்தமாக இருக்கிறேன். உடன் வர விரும்புவோர் மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்கு வருக!